நுரை ஏறவில்லை

“ஒரு நிமிஷம் அசையாமப் பிடிக்கத் தெரியல, கான்வென்ட்ல படிச்சவளாம்.” அப்படியேதான் சொன்னார், நான் ஒரு எழுத்து கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. ஒரு நிமிஷம் அசையாமப் பிடிக்கத் தெரியலையாம். கான்வென்ட்டில் சிஸ்டர்மார் எனக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தார்கள், முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஆம்பிளைகள் முட்டாள்தனமாகப் பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். மீன் மூத்திரத்தை நுரையாக்குகிற குழாயை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது சிலபஸில் இல்லை. முழங்கால் இரண்டும் தரையில், தலை அலமாரிக்குள், வலது கை முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீரில். ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி, அதைத் தாங்க ஒரு மர அலமாரி, அலமாரிக்குள்ளே இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதற்கு சம்ப் என்று பேர். மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இதற்குள் இறங்கி, சுத்தமாகி, மோட்டாரில் ஏறித் திரும்ப மேலே போகும். இந்த சம்புக்குள்தான் புதிதாக வந்த ஸ்கிம்மரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ், ஊருக்கு ரெமி, கையில் போனை வைத்து வீடியோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதில் ஒரு வெள்ளைக்காரன் இதே சாமானைத் தனியாளாக, யார் கையையும் கேட்காமல், சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். அவன் பொண்டாட்டி எங்கேயோ நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள் போல. அடுப்பில் சீலாமீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவளை “ஜெசி, ஓடி வா, ஓடி வா” என்று வீடு தீப்பிடித்த மாதிரிக் கூப்பிட்டார். ஓடி வந்தேன், வந்தால் இது. அடுப்பை அணைத்தேனா. அணைத்தேன். சிம்மில் வைத்தேனா, அணைத்தேனா. கையைத் திருப்பின ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு திருப்பினேன் என்பது இல்லை. மீன் கழுவும்போது செதில்முள் பெருவிரலில் குத்தினது, அந்த இடம் உப்புத் தண்ணீரில் எரிகிறது, எரியட்டும், இந்த வீட்டில் எரிகிறது அது ஒன்றுதானா.

இது என்ன செய்யும் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் வகுப்பெடுப்பார். பால்காரன் கேட்டான், அவனுக்கும் எடுத்தார். தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி விடும், மீன் கழிவும் தின்றது போக மிச்சமிருக்கிற கொழுப்பும் அந்தக் குமிழியில் ஒட்டிக்கொள்ளும், குமிழி நுரையாகிக் கழுத்து வழியாக மேலே ஏறிக் கப்பில் வழியும், கப்பில் சேர்கிற காப்பிக் கலர் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும். எங்கே கொட்டுவது? பின்பக்கம் என் வாழைத்தூரில். யார் கொட்டுவது? பழைய ஸ்கிம்மர் இருந்த காலம் முழுக்க நான்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு போவேன், பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “என்ன ஜெசிந்தா, கருவாட்டுத் தண்ணியா?” என்பாள். “இல்ல மாமி, உங்க மருமகன் வளர்க்கிற செல்லப்பிள்ளைகள் போன கக்கூசு” என்பேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு உப்பை விலைக்கு வாங்கி, அதுவும் சீமை உப்பை வாளி வாளியாக வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கலக்கி, வீட்டுக்குள் கடல் செய்கிற மனுஷன் இவர் ஒருத்தர்தான். பைக்கை எடுத்தால் அந்தா கிடக்கிறது கடல். எடுக்கவேண்டியதுதானே என்றால், “அது துறைமுகத் தண்ணி ஜெசி, எண்ணெய் மிதக்கும், சாம்பல் மிதக்கும்” என்கிறார். துறைமுகத்தில் கப்பல் கிளியரிங் ஆபீஸில் காலம் பூராவும் உட்கார்ந்தவர், அந்தத் தண்ணீர் ஆகாது என்று அவருக்குத்தான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் எல்லா மீனும் இருக்கிறது. என் சட்டியில் கிடக்கிற சீலாவும் அங்கிருந்துதான் வந்தது. இங்கே இரண்டு கோமாளி மீனுக்கும் ஒரு நீல மீனுக்கும் உப்பு கூடிவிடக் கூடாது, குறைந்துவிடக் கூடாது, சூடு ஏறிவிடக் கூடாது, கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி போனால் இவரே உட்கார்ந்து கையால் காற்று விடுவார். “கொஞ்சம் தூக்கு. இன்னும். போதும் போதும், தூக்காத.” இன்னொரு டைல்ஸ் துண்டை ஸ்கிம்மருக்கு அடியில் தள்ளுகிறார், அவர் விரல் என் விரலில் இடிக்கிறது. இந்தச் சாமானுக்குத் தண்ணீர் ஒரு அளவுக்குத்தான் நிற்கவேண்டுமாம். ஆழம் கூடினால் நுரை பொங்கித் தரையெல்லாம் வழியுமாம், குறைந்தால் ஏறவே ஏறாதாம். ஒரு குழாய்க்கு எத்தனை ரோஷம். மனுஷிக்கு அவ்வளவு ரோஷம் இருந்தால் நாக்கு நீளம் என்று பேர்.

காலையில் எங்கள் மகள் ரோவினா போனில் பேசினாள். இவர் மாடிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவளும் பேசுவாள், நானும் எடுப்பேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது, திருட்டுப் பூனை மாதிரி. “மம்மி, டாக்டர் காலில நீர் இறங்கியிருக்குங்காங்க. ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.” ஏழாம் மாசம். ஓசூரில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. மாப்பிள்ளை கதிரவனுக்கு ராத்திரி ஷிஃப்ட், நல்ல பையன், சோறு வடிப்பான், துணி துவைப்பான், ஆனால் அவன் அம்மா இல்லாமல் வளர்ந்தவன், பிள்ளை பெறுகிற வீட்டில் என்னென்ன வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். ராத்திரி இவளுக்கு ஏதாவது என்றால் அவன் மெஷினுக்கு முன்னால் நிற்பான், போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்களாம். அந்த மூன்று மாடியை நினைக்கும்போதெல்லாம் படியில் ஒரு கால் சறுக்குகிறது, கைப்பிடி எட்டவில்லை, அதற்குமேல் நினைக்கமாட்டேன், ஆனால் நினைக்கமாட்டேன் என்கிறபோதே நினைத்தாகிவிட்டது. “கிளம்பி வாம்மா” என்றேன். எதுவும் யோசிக்கவில்லை, வாயில் வந்தது. அவள் சொன்னாள், “நீங்க கூப்பிட்டா வரமாட்டேன் மம்மி. டாடி கூப்பிடட்டும். டாடி வான்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே வாரேன். இல்லேன்னா இங்கேயே பார்த்துக்கிடுதேன்.” அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. அவருக்கு வாய் திறக்காது, இவளுக்குத் தலை குனியாது, நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஏற்றி இறக்குகிற மோட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பது என்பது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. இவர் தங்கச்சி நாலு பேரும் இந்த வீட்டில்தான் பெற்றார்கள், நான்தான் வெந்நீர் போட்டேன், நான்தான் பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து இடித்துக் கொடுத்தேன், அப்போது இந்த வீட்டில் தண்ணீரின் ஆழத்தை யாரும் அளக்கவில்லை.

“நுரை வருதா?” வரவில்லை. “நல்லாப் பாரு.” நல்லாத்தான் பார்க்கிறேன், கழுத்துக்குள் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கிச் சுற்றுகிறது, மேலே ஏறவில்லை, ஏறுகிற மாதிரி வந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. “ஆழம் பத்தல. தூக்கிப் பிடி, டைல்ஸை எடுக்கேன்.” தூக்கினேன், எடுத்தார். இறக்கினேன். ஒன்றுமில்லை. அவர் திட்டினதில்லை, அதைச் சொல்லவேண்டும், ரோவினா போனபோதுகூட ஒரு வார்த்தை திட்டினதில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தட்டை எறிந்திருந்தால் பொறுக்கியிருப்பேன், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, சாமியார் கையால் தாலி மந்திரம் ஆகவில்லை, கதிரவனோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்தி சொன்னாள். இவர் கேட்டார், போனை என்னிடம் கொடுத்தார், போய்க் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். அவ்வளவுதான். அப்புறம் தொட்டி வந்தது. முதலில் ஒரு நீலத் தண்ணீர்க் கேன் ரோவினா ரூமில் போய் உட்கார்ந்தது, ஹாலில் இடமில்லை என்றார். அப்புறம் உப்பு வாளி, அப்புறம் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின், குழாய் அங்கேதான் பக்கம் என்றார். ஒருநாள் நான் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அவள் கட்டில் சுவரோடு நட்டமாக நிற்கிறது, மெத்தை சுருண்டு பீரோ மேலே கிடக்கிறது. “தரையில ஈரம்” என்றார். ஈரத்தை உள்ளே கொண்டுபோனதே அவர்தான். கேட்டேனா? கேட்கவில்லை. பேசினால் பெரிதாகிவிடும், பேசாவிட்டால் ஆறிவிடும் என்று இருந்தேன், எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், அந்த வாயை அன்றைக்கு எங்கே வைத்திருந்தேனோ. இந்த மனுஷன் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். சாமானை வைத்துத்தான் சொல்வார். அவள் வரக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை, நாளைக்கு யார் கேட்டாலும், நான் எப்போ அப்படிச் சொன்னேன் என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்பார், உண்மையும் அதுதான். கேனை வைத்தார், வாளியை வைத்தார், கட்டிலை நிறுத்தினார்.

கருகுகிறது. சிம்மில்தான் வைத்திருக்கிறேன், மாதாவே, அணைக்கவில்லை. “என்னமோ கருகுது ஜெசி, என்னன்னு பாரு” என்கிறார், மூச்சுவிடாமல், “கையை எடுத்திராத” என்கிறார். எதைச் செய்ய? ஒரு கையை அறுத்து இங்கே வைத்துவிட்டு ஒரு கையோடு அடுப்படிக்குப் போகவா? “நீங்க போய் அணைங்க.” போனார், முனகிக்கொண்டே போனார், அடுப்புத் திருகை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று அங்கிருந்து கேட்டார், சத்தியமாகக் கேட்டார். அவர் அங்கே நிற்கிற அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. என் கை. என் கையில் எண்ணெய். வறுத்துக்கொண்டிருந்தவள் துடைக்காமல் ஓடி வந்திருக்கிறேன், மசாலாவும் நல்லெண்ணெயும் புறங்கையெல்லாம் இருந்திருக்கிறது, இப்போது இந்த விளக்கு வெளிச்சத்தில் சம்புத் தண்ணீர் மேலே மெலிசாக, மயில் கழுத்துக் கலரில் ஒரு படலம் நிற்கிறது. எண்ணெய் பட்டால் நுரை படுத்துவிடும். இதுவும் அவர் எடுத்த பாடம்தான். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டி மூடியைத் தொட்டதற்கு ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவர். இன்றைக்கு அவசரத்தில் அவருக்கே மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அலமாரிக்குள் தலையை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். சொல்லியிருக்கலாம், என்னங்க, என் கையில் எண்ணெய், அதனால்தான், தண்ணீரைக் கொஞ்சம் மாற்றுங்க, பொறுத்துப் பார்ப்போம் என்று. சொல்லவில்லை. திரும்பி வந்து குனிந்தார், கடைசி டைல்ஸையும் எடுத்தார், ஸ்கிம்மரைத் தரையோடு உட்காரவைத்தார், வால்வைத் திருகினார், கண்ணாடியில் தட்டினார், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான் பாவம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “ஏறலையேங்க” என்றேன். படட்டும். ஒரு குழாய் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கட்டும். ஊற்றிய கடலெல்லாம் நாறட்டும். என் விரல் இன்னும் உள்ளேதான் இருந்தது, நான்தான் எடுக்கவில்லை, ஐந்து விரலையும் நன்றாக விரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்றார். முழங்கால் மடக்கென்றது. கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார், அப்புறம் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்தார், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. “இந்த சம்ப் இதுக்குக் காணாது ஜெசி. சின்னது. தண்ணி ஆழம் நிக்க மாட்டேங்கு.” சரி, பழசையே போடுங்க என்றேன். காதில் வாங்கவில்லை. “அப்பவே நினைச்சேன். சுவத்துல ஒரு ஓட்டை போட்டா அந்தப் பக்கம் ரூம்ல பெரிய சம்பா வச்சிரலாம். ஸ்கிம்மர், மோட்டார் எல்லாம் அங்கன போயிரும். ஹால்ல சத்தம் இருக்காது, உனக்கும் நாத்தம் இருக்காது.” உனக்கும். எனக்காகச் செய்கிறாராம். அந்தப் பக்கம் ரூம். அதற்கு ஒரு பேர் இருந்தது, ரோவினா ரூம் என்று இத்தனை வருஷம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார், விளக்கை அணைத்தாளா பாரு ரோவினா ரூம்ல என்று, இப்போது அந்தப் பக்கம் ரூம். ராப்பகலாக மோட்டார் இரைகிற ரூமில், கருவாட்டுத் தண்ணீர் கப்பில் நுரைக்கிற ரூமில், பிறந்த பிள்ளையைப் போட முடியுமா? ஈரச்சுவரில் பச்சைப்பிள்ளை இருமாதா? கேன் என்றால் தூக்கிவிடலாம், வாளி என்றால் தள்ளிவிடலாம், கட்டில் என்றால் இரண்டு பேர் பிடித்தால் இறங்கிவிடும். ஓட்டை போட்டால் போட்டதுதான். நான் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். எடுத்து என்ன, செய்கிறதைச் செய்தாயிற்று, இந்த எண்ணெய்க் கைதானே அவரை அந்தச் சுவருக்கு அனுப்பினது, வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இந்நேரம் தண்ணீரை மாற்றிக்கொண்டு இங்கேயே கிடந்திருப்பார். “என்னங்க, அது சம்ப் இல்ல, என் கை எண்ணெய்” என்றேன். “என்ன எண்ணெய்?” கொத்தனாருக்குப் போட்ட போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. “தம்பி, ரெமி பேசுதேன். அன்னைக்குச் சொன்னேன்லா, சுவர்ல ஓட்டை, ஆமா, அதே இடம்தான். நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்திருதியா? வா வா. மெஷினைக் கொண்டு வந்திரு.”

அன்னைக்குச் சொன்னேன்லா. அப்படியென்றால் இது இன்றைக்கு வந்த யோசனை இல்லை. நான் கையை விரித்து வைத்துக்கொண்டு பெரிய ஆள் மாதிரிச் சிரித்ததெல்லாம் சும்மா. நுரை பொங்கி வீடெல்லாம் ஓடியிருந்தாலும் இவர் சுவரைத்தான் பார்த்திருப்பார். புடவையில் கையைத் துடைத்தேன், துடைக்கத் துடைக்க உப்பும் எண்ணெயும் போகவில்லை. அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டி, தொட்டிக்குப் பின்னால் கையை நீட்டி, ஒரு தட்டை வைத்து வட்டம் போட்டார், அழகாகப் போட்டார், கோணல் இல்லாமல். “நான் அந்தப் பக்கம் போய்த் தட்டுதேன். வட்டத்துல கை வச்சுப் பாரு, சரியா அதுக்குப் பின்னாலதான் அதிருதான்னு சொல்லு. கரண்ட் வயர் போகுது, அதுல பட்டிரக் கூடாது.” போய்விட்டார். உள்ளே கேனைத் தள்ளுகிற சத்தம், அட்டைப்பெட்டி நகர்கிற சத்தம், கட்டில் கால் சிமெண்டில் ஒரு இழுப்பு. நான் சுவரில் கையை வைத்தேன். சொன்னதைக் கேட்டே பழகின கை, அதுவாகப் போய் வைத்துக்கொண்டது. டொக். டொக். உள்ளங்கையில் அதிர்கிறது. “ஜெசி, சரியா இருக்கா?” சரியாகத்தான் இருக்கிறது, ஒரு நூல் விலகவில்லை. அவர் முகம் தெரியவில்லை, என் முகமும் அவருக்குத் தெரியாது, இந்த வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. சிஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டேன். “ரோவினாவுக்குக் காலில நீர் இறங்கியிருக்காம்” என்றேன், சத்தமாக, சுவருக்குக் கேட்கிற மாதிரி. டொக் என்று ஒன்று, அத்தோடு நின்றுவிட்டது. “ஏழாம் மாசம். உங்களுக்குத் தெரியும், தெரியாதுன்னு நடிக்காதீங்க, நான் போன்ல பேசும்போது மாடிப்படியில நீங்க நிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். அவ இங்க வந்துதான் பெறணும். இந்த ரூம்லதான் பெறணும். நான் கூப்பிட்டுட்டேன், வரமாட்டேன்னுட்டா. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாளாம்.” கையை வட்டத்தை விட்டு எடுக்காமல் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டி நின்றேன். “ஏங்க, கேக்குதா? வான்னு ஒரு வார்த்தைதான். உங்க வாயால அவகிட்டச் சொல்லுங்க.”